மாமா பூசிய மேற்குச் சுவர்

1

சென்ற வாரம் அலுவலகத்தில் எனக்கு ஒரு சின்ன சங்கடம். இயற்கையைப் பார்த்துக் கட்டடம் கட்டுவது பற்றி எங்கள் நிறுவனத்தில் ஒரு கருத்தரங்கு நடத்தப் போகிறார்கள். அதில் காட்டுவதற்கு, சங்கராபுரம் பக்கத்தில் நான் என் அம்மாவுக்காக வரைந்து கட்டிய வீட்டின் மேற்குச் சுவர் படம் ஒன்று வேண்டும் என்று என் மேலாளர் கேட்டார். "கள்ளிச் செடியைப் பார்த்துக் கட்டியது என்றீர்களே, அந்தச் சுவர்" என்று நினைவுபடுத்தவும் செய்தார். நல்ல மனுஷி, எதையும் மறக்க மாட்டார். அதுதான் தொல்லை.

கைப்பேசியில் தேடினேன். இருந்த படத்தில் கிளிப்பச்சை பெயிண்ட் அடித்த வழவழப்பான சுவர். அதற்கு முன்னால் பீர்க்கங்கொடி. கொடிக்கு முன்னால் என் தாய்மாமா ஏழுமலை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்சி மாநாட்டுக்குப் பந்தல் போட்டு முடித்தவர் மாதிரி நின்றார். கள்ளியைக் காணோம். "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லி நழுவி வந்துவிட்டேன்.

அந்தச் சுவர் கதையை ஊரில் இருப்பவர்களுக்குச் சொன்னால்தான் புரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

2

ஜெர்மனியில் நான் பார்க்கும் வேலையை ஊரில் யாருக்கும் ஒழுங்காக விளக்க முடிந்ததில்லை. "எஞ்சினீருக்கு படிச்சிட்டு அங்க போயி கரையானப் பாத்துக்கினு இருக்கியா?" என்று அம்மா ஒருமுறை கேட்டாள். ஏறக்குறைய அதேதான். வெயிலையும் குளிரையும் செடியும் பூச்சியும் எப்படிச் சமாளிக்கின்றன என்று பார்த்து, அதைச் சுவரிலும் கூரையிலும் செய்து, மின்சாரத்தைக் குறைப்பது எங்கள் பிழைப்பு. கரையான் புற்று எப்படிக் காற்று வாங்குகிறது என்று இங்கே மணிக்கணக்கில் பேசுவார்கள். எங்கள் பக்கம் அந்தப் புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றுவோம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கள்ளி யோசனை என்னுடையது. கல்வராயன் மலை அடிவாரத்தில் வேலியோரமாக நிற்குமே சதுரக்கள்ளி, அதன் தண்டு உருண்டையாக இருக்காது. விளிம்பு விளிம்பாக இருக்கும். வெயில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஒரு விளிம்பின் நிழல் பக்கத்துப் பள்ளத்தில் விழும். தனக்குத் தானே குடை பிடித்துக்கொள்கிற செடி. அதே மாதிரி செங்கல்லை இடைவெளி விட்டு வெளியே நீட்டிக் கட்டினால் சுவரும் தனக்குத் தானே நிழல் தரும்.

இங்கே ஒரு மழலையர் பள்ளிக்கு இதைச் சொன்னபோது என் நாக்கு காலை வாரிவிட்டது. இப்படி நீட்டி நிற்கும் விளிம்பை இங்கே விலா என்பார்கள், அந்த ஜெர்மன் சொல்லுக்குப் பதிலாக ஓட்டலில் பன்றி விலாவுக்குச் சொல்லும் சொல் வந்துவிட்டது. பள்ளிச் சுவர் முழுக்கப் பன்றிக்கறி வேண்டும் என்று நான் கேட்டதாக ஆயிற்று. சிரித்துவிட்டு, "சரி, கட்டிப் பார்ப்போம்" என்றார்கள். அந்நிய ஊரில், பாதி வெந்த மொழியில் பேசும் ஒருத்தியின் வேலியோரச் செடியை நம்பி ஒரு சுவரே கொடுத்தார்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு.

பிறகு நகராட்சிக் கடிதங்கள் வரத் தொடங்கின. பள்ளத்தில் தூசி படிந்தால் யார் துடைப்பது? குழந்தை சுவரைப் பிடித்து ஏறினால்? குருவி கூடு கட்டினால் அதைக் கலைக்கச் சட்டத்தில் இடமில்லையே, என்ன செய்வீர்கள்? இங்கே குருவிக்கும் வக்காலத்து வாங்க ஓர் அலுவலர் இருக்கிறார். எல்லாவற்றுக்கும் பதில் எழுதி, கட்டியும் முடித்தோம். முடித்த கையோடு, இதே சுவரை ஊரில் கட்டினால் என்ன என்று தோன்றியது. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

3

போன வருடம் கத்திரி வெயிலில் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். வெளியே இல்லை, வீட்டுக்குள்ளே. எங்கள் வீட்டு வாசல் மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் முன்சுவரும் மேல்தளமும் தோசைக்கல் மாதிரி காயும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோ பிடித்துக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோனார்கள். இன்னொரு கோடையை இந்த வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சென்னையில் இருக்கும் என் தம்பி உடனே வந்து நின்றான். "பேசாம என் கூட வந்துடும்மா" என்றான். ஜெர்மனிக்கு அழைக்கலாமா என்று நானும் பார்த்தேன். காப்பீடு, உறுதிமொழி, வருமானச் சான்று என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் சில மாதங்கள்தான் தங்கலாம் என்றார்கள். ஏசி போட்டுக் கொடுத்திருந்தோம். அம்மா அதைத் தொடுவதில்லை.

"அதுக்குள்ள படுத்தா மூட்டு புடிச்சிக்குது. கரண்டு போச்சின்னா பொட்டில போட்டு மூடன மாதிரி இருக்குது. எனக்கு வேணாம்."

"அப்ப இன்னாதான் பண்றது?" என்றான் தம்பி.

அம்மா, தம்பி கைப்பேசியில் தெரிந்த என் முகத்தைக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "இவ ஊருக்கெல்லாம் வூடு கட்டித் தராளே, எனக்கு ஒண்ணு கட்டித் தரட்டும். ஒரு கத்திரி இருந்து பாக்கறேன். முடியலன்னா பூட்டிட்டு உன் கூட வந்துடறேன்."

சென்னையில் தம்பி இருப்பது ஆறாவது மாடி. அங்கே போன முறை இரண்டாம் நாளே, "வாசல்னு ஒண்ணு இல்லாத வூட்ல எங்கடி ஒக்காரது?" என்று எனக்குப் போன் செய்தவள். அப்படிப்பட்டவள் "வந்துடறேன்" என்று சொல்ல எவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறாள் என்று எனக்கும் தம்பிக்கும் தெரியும். ஆக, அவள் தன் ஊரில் இருப்பதும் இல்லாததும் ஒரு சுவரில் வந்து நின்றது. அந்தச் சுவரை வரைகிற பொறுப்பு எனக்கு.

4

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்பார்கள். ஜெர்மனியில் உட்கார்ந்துகொண்டு சங்கராபுரத்தில் கட்டிப் பார் என்று யாரும் சொல்லவில்லை, அந்தக் கொடுமை அவர்களுக்குத் தெரியாது போலிருக்கிறது. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் வேலை. கோவிந்தன் மேஸ்திரி போனைத் தூக்கிப் பிடிப்பார், நான் பார்ப்பேன். தளத்துக்கு மேலே காற்று புகுந்து போக இடம் விட்டு இன்னொரு கூரை. அறைகளின் உச்சியில் சூடு வெளியேறத் திறப்புகள். வாசலுக்குப் பக்கத்தில், அம்மா படுக்கும் முன் அறையின் மேற்குச் சுவரில், நீட்டி நீட்டிக் கட்டிய செங்கல், பூச்சு கிடையாது. மேஸ்திரி கோணாமல் கட்டிக் கொடுத்தார். கேள்வி கேட்டாரே தவிர முகம் சுளிக்கவில்லை.

இங்கே நகராட்சியில் ஒரு அலுவலர்தான். அங்கே தெருவில் போகிற ஒவ்வொருவரும் அலுவலர்.

"இன்னாங்க, பூச்சு வேலைக்கு கம்மியா பூட்டுதா?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார்கள். இன்னொருவர், "திருஷ்டி பொம்மையே கட்ட வேணாங்க, இந்தச் செவுரே போதும்" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் பக்கம் பூசாத சுவர் என்றால் கையில் காசு தீர்ந்துவிட்டது என்று பொருள். செங்கல் நீட்டிக்கொண்டு நின்றால், மிச்சத்தைப் பிறகு கட்டுவார்கள் என்று பொருள். இதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் செங்கல்லை அப்படியே விடுவதை அழகு என்று நினைக்கிற ஊரில் இத்தனை வருடம் இருந்துவிட்டதால், அது தோன்றவே இல்லை.

அம்மா எனக்கு எதையும் சொல்லவில்லை. மணலூர்பேட்டையில் இருக்கும் தன் தம்பி ஏழுமலையிடம் சொல்லியிருக்கிறாள்.

5

தை மாதம் குடிபோக நாள் குறித்தார்கள். மகள் இனியாவை அழைத்துக்கொண்டு நான் முந்தின நாளே போய்ச் சேர்ந்தேன். கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கி, கார் பிடித்து, தெருமுனை திரும்பியதும் வீட்டைக் காணோம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவ்வளவு பச்சை.

பள்ளங்களை எல்லாம் உடைகல் வைத்து அடைத்து, மேலே சிமெண்ட் பூசி, மழமழவென்று தேய்த்து, கிளிப்பச்சை அடித்திருந்தது. மாமா ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். கரும்பு வெட்டு நடக்கிற நேரத்தில், வயலை விட்டுவிட்டு ஆளோடு வந்து நின்று செய்த வேலை அது.

"எப்படி பாப்பா இருக்குது? மாமன் சீரு! அண்டா, குத்துவெளக்கு எல்லாந்தான் எல்லாரும் வெப்பாங்க. எங்க அக்கா வூடு மூஞ்சி மூளியா நிக்குது, அத பாத்துக்கினு நான் எப்பிடி சும்மா இருப்பேன்? ஒனக்கும் அங்க இன்னா கஷ்டமோ, சொல்லிக்காம இருக்கறேன்னு நெனச்சிக்கினேன்."

அவர் கண் கலங்கியிருந்தது. நான் நொடித்துப்போனேன் என்று நினைத்து, அக்காவுக்காகவும் எனக்காகவும் சேர்த்துக் கலங்கிய கண். "நல்லா இருக்குது மாமா" என்றேன். வேறு என்ன சொல்வது?

பின்னால் மேஸ்திரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "பாப்பா வரட்டும்னு சொன்னேங்க. மாமன் சீருன்னுட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா பேசறது?"

உண்மைதான். அதுக்கு மேலே யாரும் பேச முடியாது. உள்ளே போய், கொத்தி எடுத்துவிடலாமா என்று அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வாய மூடு. அவன் எடுத்தாந்த பொடவைய கட்டிக்கினு, நல்லா இல்லைன்னு அவன் எதிர்லயே அவுத்துக் குடுக்க சொல்றியா? வெந்தாலும் அதுலயே வேவறேன்."

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சுவருக்காக இல்லை. அடுத்த வருடம் இந்த வீடு பூட்டிக் கிடக்கும் என்று தோன்றிவிட்டது.

6

மறுநாள் பூஜை முடிந்து சாப்பாடு. மாமாவுக்குப் பக்கத்தில் இனியா. அவளுக்குப் பதிமூன்று வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள். தாத்தா முறையான மாமாவிடம் மட்டும், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை எடுத்து வைப்பாள், மேடைப் பேச்சு மாதிரி.

"தாத்தா, இந்தச் சுவர் அறிவியல்படி தவறு. வெயில் உள்ளே வந்துவிடும். ஆயாவால் இங்கே இருக்க முடியாது. அதனால் அம்மா குளியலறையில் அழுதார்கள்."

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. மாமா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். அவர் எழுந்துவிடவில்லை. இலையில் இருந்ததைக் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு, இலையை மடித்து, கை கழுவி, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாயசம் வருவதற்கு முன்னால்.

"புள்ள வளத்து வெச்சிருக்கற பாரு" என்றாள் அம்மா. பாயச வாளியை அப்படியே உள்ளே தூக்கிக்கொண்டு போனாள்.

இனியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "உண்மையைத்தானே சொன்னேன்? அவரிடம் சொல்லாமல் அவருக்குப் பின்னால் பேசுவதுதானே மரியாதை இல்லாதது?" என்று ஜெர்மனில் கேட்டாள். அவள் வளர்கிற ஊரில் முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை. நான் வளர்ந்த ஊரில் விழுங்கிக்கொள்வதுதான் மரியாதை. அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, மெச்சவும் மனம் வரவில்லை. இப்படி நடுவில் மாட்டிக்கொள்வதற்குத்தான் வெளிநாடு போனேனோ என்று அலுப்பாக இருந்தது.

மாமாவின் போன் அணைந்து கிடந்தது. மணலூர்பேட்டைக்குப் பேசினால், "வூட்டுக்கு வர்ல. வெள்ளிமல பஸ்ஸுல ஏறினதா யாரோ சொன்னாங்க" என்றார் அத்தை. மறுநாளும் தகவல் இல்லை. அம்மா சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். சின்ன வயதில் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். எனக்கு ஊர் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

அதற்கு அடுத்த நாள் காலையில் வாசலில் ஒரு சின்ன லாரி வந்து நின்றது. நிறையச் சவுக்குக் கம்பு, மேலே கயிற்றுச் சுருள். முன்னால் இருந்து மாமா இறங்கினார். யார் முகத்தையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துப் பேசினார்.

"பெயிண்ட் கடக்காரன் இன்னா சொல்றான்னா, மேக்கு வெயிலு பட்டா கிளிப்பச்ச வெளுத்துடுமாம். வருசம் தாங்காதாம். அதான், வெயிலு படாம ஒரு பந்தல் சாச்சி கட்டி, கொடி ஏத்தி வுட்டுடலாம்னு. வெள்ளிமலையில நம்ம கூட்டாளி வூட்ல அப்பிடித்தான் வுட்டு வெச்சிருக்கறான். உள்ள போனா ஜில்லுன்னு இருக்குது. பீர்க்கன் வெத குடுத்தான்."

மலையில் சாமையும் தினையும் போடுகிற அந்தக் கூட்டாளி வீட்டில் இரண்டு நாள் என்ன பேசினார், யாரிடம் என்ன கேட்டார், எங்களுக்குத் தெரியாது. கடைக்காரன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்பது மட்டும் தெரியும். அம்மா, "ஆமாண்டா, வெளுத்துதான் பூடும்" என்றாள், அவள் பங்குக்கு.

மாமா இனியாவைப் பார்த்தார். "வாத்தியாரம்மா, கம்ப புடி."

அவள் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

"சுவத்தோட ஒட்ட வேணாம் மாமா" என்றேன் நான். "ஒரு முழம் தள்ளி நடுங்க. நடுவுல காத்து மேல ஏறிப் போவணும்."

"ஒரு முழம் எதுக்கு? ரெண்டு வுடறேன். நடுவுல பூந்து காய் அறுக்க வேணாமா?"

எங்கள் படிப்பிலும் இதற்குப் பாடம் உண்டு. ஒரு காட்டு மரத்தின் பட்டைக்கு நிழல் அதன் இலையில் இருந்து மட்டும் வருவதில்லை. மேலே ஏறின கொடி, பக்கத்து மரம், எல்லாம் சேர்ந்துதான். இலை வெயிலைத் தடுப்பதோடு நீரை ஆவியாக விட்டுத் தன்னைச் சுற்றியும் குளிர வைக்கும், செங்கல்லால் அது முடியாது. ஆனால் இந்தப் பாடம் என் கையில் இருந்து வந்திருந்தால், அது மாமாவின் சீரை மறைக்க நான் போட்ட திரையாக ஆகியிருக்கும். அவர் கையில் இருந்து வந்ததால், சீரைக் காப்பாற்ற அவரே போட்ட பந்தல் ஆயிற்று. அந்தப் பெருந்தன்மைக்கு நான் என்ன கைம்மாறு செய்வேன்? அன்றைக்கு அவர் காலில் விழுந்து கும்பிட்டேன். "இன்னாத்துக்கு இப்ப?" என்று கூச்சத்தோடு விலகிப் போனார்.

மாசி கடைசியில் கொடி முக்கால் பந்தல் ஏறிவிட்டதாகப் படம் வந்தது. சித்திரையில் காய் தொங்கியது. பீர்க்கங்காய்க்கும் மேடும் பள்ளமுமாகத்தானே உடம்பு! "நீ கேட்ட மாதிரியே வந்துட்சி பாரு" என்று மாமா போனில் சிரித்தார்.

கொடிக்கு முன்னால் மாமா நிற்கிற அந்தப் படத்தைத்தான் கடைசியில் மேலாளருக்கு அனுப்பினேன். முன்னால் நிற்பவர் கட்டடக் கலைஞரா என்று பதில் வந்தது. வீட்டுக்காரியின் தம்பி என்று எழுதினேன்.

7

நேற்று நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். கத்திரி பிறந்து சில நாள் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் அனல் அடிக்கிறது என்று செய்தியில் சொன்னார்கள். இங்கே காலை காபி நேரம், அங்கே உச்சி வெயில் தாண்டிய நேரம். அம்மாவுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். தம்பி செய்தும் எடுக்கவில்லை. மாமாவும் எடுக்கவில்லை. போன வருடம் விழுந்து கிடந்ததும் இதே நேரம்தான். ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். வரவில்லை என்று சொல்லக்கூட எனக்கு ஜெர்மன் வரவில்லை. மாடிப்படியில் உட்கார்ந்து, விடாமல் போட்டுக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் எடுத்தாள். குரல் கிசுகிசுவென்று வந்தது.

"இன்னாடி, இத்தினி வாட்டி அடிக்கற? மெதுவா பேசு."

"ஏம்மா எடுக்கல? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல. முன் ரூம்புல படுத்தேன், கண்ணு அசந்துட்டேன்."

"முன் ரூம்புலயா? இந்த நேரத்துலயா?"

"ஆமாண்டி. ஃபேன் போட்டுக்கினு. ஏழுமல கொடிய பாக்கறேன்னு வந்தான். ஒரு வாய் சோறு துன்னுட்டு அவனும் இங்கியே கீழ துண்ட விரிச்சி படுத்துட்டான். அவனப் பாத்துக்கினு இருந்தவ அப்பிடியே தூங்கிட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உன் தம்பிகிட்ட சொல்லிடு. நான் எங்கியும் வர்ல, இங்கியே இருந்துக்கறேன்னு."

நான் மூக்கை உறிஞ்சினேன். அழுகிறேன் என்று தெரிந்துகொண்டு, "சீ, பைத்தியம்" என்றாள். "மாமன எழுப்பட்டா? பேசறியா?"

"வேணாம்மா. தூங்கட்டும்."

"கொறட்டய கேளு, கேக்குதா?" என்று போனை அவர் பக்கம் நீட்டினாள். கேட்டது. மணலூர்பேட்டைக் கரும்பு வயல் மொத்தத்துக்கும் சேர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார் மாமா. மேலாளர் படியிறங்கி வந்து, எல்லாம் நலமா என்று கேட்டார். நலம் என்று தலையாட்டிவிட்டு, போனைக் காதில் வைத்தபடி அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.